எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது? வைரல் வீடியோக்கள் பற்றிய கேள்வி பதில்

பகிரப்படும் வீடியோக்களின் மெய்த்தன்மையைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் துறைக்குள் வருபவற்றுக்கு விரிவாகவும், மற்றவற்றுக்கு யாரை அணுக வேண்டும் என்ற அளவிலும் பதில் இருக்கும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்): ஐயா, புயல் மழைக் காலத்தில் வரும் வீடியோக்களில் எது உண்மை, எது பொய் என்று பார்த்தவுடனே கண்டுபிடிக்க வழி உண்டா?

பார்த்தவுடனே கண்டுபிடிக்க வழி இல்லை, அம்மா. நம்பும்படியாக இருக்கிறதா என்று நம் மனத்தைக் கேட்பது பயன் தராத சோதனை என்பதற்கு இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்துவது போன்ற ஒரு படம் 2011இல் போர்ட்டோ ரிக்கோவில் எடுக்கப்பட்டதாகப் பரவியது; 2017இல் ஹார்வி புயலின்போது அதே படம் ஹூஸ்டன் நகரத்துப் படமாக மீண்டும் வந்தது. அந்தச் சுறாவோ, தாமஸ் பெஷாக் என்ற ஒளிப்படக் கலைஞர் 2003இல் தென்னாப்பிரிக்கக் கடலில், சிறுபடகு ஒன்றைப் பின்தொடர்ந்தபோது எடுத்த சுறா; அதை வெட்டி வெள்ளநீரில் ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு காட்சி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் இரவில் ஒரு முதலை சாலையைக் கடந்த வீடியோ. பலர் அதைப் போலி என்று ஒதுக்கினார்கள். ஆனால் அது உண்மை என்றும், சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்பு முதலைகள் வாழ்கின்றன என்றும் வனத்துறைச் செயலர் அன்றே விளக்கம் அளித்தார். நம்ப முடியாதது உண்மையாகவும், நம்பத்தக்கது பொய்யாகவும் இருக்கும் என்பதால், எந்த வீடியோவிடமும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டே: எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது? இவ்விரண்டுக்கும் விடை தெரியாதவரை அதைப் பகிர வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): அந்த இரண்டையும் நாங்களே கண்டுபிடிக்க முடியுமா? அதற்கு ஏதாவது மென்பொருள் வாங்க வேண்டுமா?

எதையும் வாங்க வேண்டியதில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, முகமோ பெயர்ப்பலகையோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் நான்கைந்து இடங்களைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் செய்வதானால் இன்விட்-வீவெரிஃபை என்ற இலவசக் கருவி அந்தப் படங்களைத் தானே பிரித்துக் கொடுக்கும். பிறகு ஒவ்வொன்றையும் கூகுள் லென்ஸிலும், யாண்டெக்ஸ், பிங் ஆகிய தேடுதளங்களிலும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைப்பது வழக்கம். அதே காட்சி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றப்பட்டிருப்பது தெரிந்துவிட்டால், அது நேற்று நடந்ததாகச் சொல்லும் தகவல் அங்கேயே விழுந்துவிடும்.

தேடலில் எதுவும் கிடைக்காதபோது காட்சியையே படிக்க வேண்டும். முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போனால் அது இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. எண் பலகையின் முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தைச் சொல்லும். காவலரின் தலையில் சிவப்புத் தொப்பி இருந்தால் புதுச்சேரியாக இருக்கலாம். கடைப் பலகையின் எழுத்து, பேருந்தின் நிறம், மின்கம்பத்தின் வடிவம், நிழல் விழும் திசை ஆகிய அனைத்தும் சாட்சிகளே. பிறகு ஒலியோடு இன்னொரு முறை பார்த்து, பின்னணியில் இருப்பவர்கள் பேசும் மொழியைக் கவனியுங்கள். பின்னணிப் பாட்டோ, தனியாகப் பதிவு செய்த வருணனையோ மேலே ஏற்றப்பட்டிருந்தால், மூல ஒலியை யாரோ மறைத்திருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வழியாக வரும் கோப்பில் எடுத்த நாள், இடம் போன்ற உள்தகவல்கள் பெரும்பாலும் நீங்கிவிடுவதால், அந்தக் கோப்பைத் துருவி நேரத்தை வீணாக்க வேண்டாம். சந்தேகத்தை யாரிடமாவது கேட்பதென்றால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாமல், மூலப் பதிவின் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி (வாசகர், சேலம்): தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்ததாகச் சொல்லப்படும் வண்ணமயமான இந்தியப் படம் உண்மையா?

உண்மை இல்லை. அது 1992 முதல் 2003 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை இணைத்து, நகர்ப்புற விளக்குகள் பெருகியதை வெவ்வேறு நிறங்களில் காட்டிய படம். 2012 நவம்பரில் நாசாவே இதை விளக்கி, உண்மையான தீபாவளி இரவுப் படத்தையும் வெளியிட்டது. அதில் வழக்கமான இரவிலிருந்து பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

கேள்வி (வாசகர், கடலூர்): நம் நாட்டுப்பண் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வந்த செய்தி சரியா?

சரியில்லை. யுனெஸ்கோ அப்படி எந்த அறிவிப்பும் செய்ததில்லை.

கேள்வி (வாசகர், ஈரோடு): இந்தக் குழந்தையின் படத்தைப் பகிர்ந்தால், ஒவ்வொரு பகிர்வுக்கும் அறுவைச் சிகிச்சைக்கு ஃபேஸ்புக் பணம் தருமாமே?

தராது. இதே கேள்வி வேறு வேறு குழந்தைகளின் படங்களோடு இன்று பலரிடமிருந்து வந்திருக்கிறது; அனைவருக்கும் இதுவே பதில். அந்தப் படங்கள் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்தாளப்படுபவை என்பதையும், அவற்றில் சில எப்போதோ இறந்துபோன குழந்தைகளுடையவை என்பதையும் நினைத்துப் பாருங்கள். உதவ விரும்பினால் மருத்துவமனையின் பெயரைக் கேட்டுத் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, நேரடியாகப் பணம் கட்டுங்கள்.

கேள்வி (மளிகைக் கடை உரிமையாளர், ஆரணி): ஐயா, குழந்தை கடத்தல் கும்பல் பற்றி ஒரு வீடியோ வந்தது. எங்கள் தெருக் குழுவில் போட்டேன். பிறகு அது பொய் என்றார்கள். உண்மையாக இருந்தால் நல்லது, பொய்யாக இருந்தாலும் யாருக்கும் நட்டம் இல்லையே. எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதானே அனுப்பினேன்?

நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் நட்டம் யாருக்கு என்பதற்கு விடை உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குச் செல்வதற்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் வழி கேட்க நின்றது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அவர்கள் சாக்லேட் கொடுத்தார்கள். வட மாநிலக் கும்பல் ஒன்று குழந்தைகளைக் கடத்துகிறது என்ற வாட்ஸ்அப் தகவலை அதற்கு முந்தைய நாள்களில் திரும்பத் திரும்பக் கேட்டிருந்த மக்கள், அவர்களைக் கடத்தல்காரர்கள் என்று முடிவு செய்து அடித்தார்கள். 65 வயது மூதாட்டி இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஓர் ஆள் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்தத் தகவல்களை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தங்கள் தெருக் குழந்தைகளைக் காக்க நினைத்தவர்களே.

அந்தக் காலத்தில் பரவிய வீடியோ ஒன்றின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்த படம். முழுப் படத்தில் அந்த இருவரும் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தையைக் கடத்துவது எவ்வளவு எளிது என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்தார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம் இங்கே அப்பாவிகளைக் கொல்வதற்குக் காரணமாயிற்று.

மறுமொழி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி): பழியை மக்கள்மீது போடுகிறீர்களே? கட்டுப்படுத்த வேண்டியது நிறுவனங்கள்தான். தானியங்கிக் கணக்குகள்தானே இவற்றையெல்லாம் பரப்புகின்றன?

நிறுவனங்களின் பொறுப்பை நான் மறுக்கவில்லை. 2018 ஜூலையில், இத்தனை உயிர்கள் போன பிறகுதான், ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்ற வரம்பை வாட்ஸ்அப் இந்தியாவில் கொண்டுவந்தது. ஐந்து கைகளுக்கு மேல் மாறிவந்த தகவலை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இறுக்கியபோது, அத்தகைய தகவல்களின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. முன்பே செய்திருக்கலாமே என்று கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன்.

ஆனால் தானியங்கிக் கணக்குகளே காரணம் என்பதை ஏற்க மாட்டேன். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பகிர்ந்த 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்றும், தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு நிற்கிறது என்றும், காரணம் மனிதர்களே என்றும் அவர்கள் கண்டார்கள். பொய் புதிதாக இருக்கிறது. புதிதாக இருப்பதை முதலில் சொல்பவராக இருக்க நாம் விரும்புகிறோம்.

மறுமொழி (மளிகைக் கடை உரிமையாளர், ஆரணி): அத்திமூர் செய்தி எனக்கும் தெரியும், ஐயா. ஆனால் அடித்தவர்கள் வேறு, அனுப்பியவன் வேறு அல்லவா? உண்மையாகவே கடத்தல் நடந்து, நான் சொல்லாமல் விட்டிருந்தால்?

இது நேர்மையான கேள்வி. ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். அடித்தவரின் குற்றமும் அனுப்பியவரின் பிழையும் ஒன்றல்ல. சட்டமும் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நிற்காத கோபத்தையும், எதிரே நிற்பவர் யார் என்ற முன்முடிவையும் கொடுத்தது அந்தத் தகவல்தான். உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்றால், காவல் துறைக்கு 112இலும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098இலும் சொல்லுங்கள். விசாரிக்கும் கடமையும் அதிகாரமும் உள்ளவர்களிடம் ஐயத்தைச் சொல்வதுதான் எச்சரிக்கை. விசாரிக்க முடியாத 200 பேர் கொண்ட குழுவில் அதைப் போடும்போது அச்சம் பரவுகிறதே தவிர, எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை.

2023 மார்ச்சில் நடந்ததையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சி. தமிழ்நாட்டுக் காவல் துறைத் தலைவர் மறுப்பு வெளியிட்டார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் அஞ்சிக் கிடந்தார்கள், ஊரில் இருந்த அவர்கள் வீட்டார் உறங்காமல் இருந்தார்கள். அங்கே அனுப்பியவர்களும் தம் மக்களை எச்சரிப்பதாகவே நினைத்தார்கள். 2018இல் வட மாநிலத்தாரைப் பற்றி நம்மிடம் ஓடிய பொய்யும், 2023இல் நம்மைப் பற்றி அங்கே ஓடிய பொய்யும் ஒரே வகையானவை.

கேள்வி (செவிலியர், திருநெல்வேலி): செயற்கை நுண்ணறிவால் செய்த வீடியோக்கள் வந்த பிறகு இந்தச் சோதனைகள் பயன்படுமா?

பயன்படும். 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தைப் பொருத்திய ஒரு வீடியோ பரவியபோது, வேறொரு பெண் அதற்கு முந்தைய மாதம் தன் கணக்கில் ஏற்றிய மூல வீடியோவைக் கண்டெடுத்தே அது போலி என்று நிறுவினார்கள். கை விரல்களை எண்ணுவது, கண் சிமிட்டுவதைக் கவனிப்பது போன்ற குறிப்புகளை மட்டும் நம்ப வேண்டாம். கருவிகள் அந்தக் குறைகளை வேகமாகக் களைந்து வருகின்றன. யார் முதலில் ஏற்றினார், எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு வயதாகவில்லை. தவிர, என் மேசைக்கு வருபவற்றில் இன்றும் மிகுதியானவை பழைய வீடியோவுக்குப் புதிய தலைப்பு கொடுத்தவையே.

கேள்வி (வாசகர், வேலூர்): கற்றாழைச் சாறு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற வீடியோ...

மருத்துவரிடம் கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை எந்த வீடியோவை நம்பியும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி (வாசகர், கோவை): என் வீடியோ வைரலாக என்ன செய்ய வேண்டும்?

இது என் துறை இல்லை. தண்டவாளத்தில் நின்று எடுக்க வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து என்பதோடு, ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், சென்னை): விபத்து நடந்தால் உதவி செய்வதைவிட வீடியோ எடுப்பவர்களே அதிகமாக நிற்கிறார்கள். கேட்டால் போலீஸ் கேஸுக்குப் பயம் என்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது; பெயரையும் முகவரியையும் தரும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. முதலில் 108ஐ அழையுங்கள். சாட்சியமாகப் படம் எடுத்தால் காவல் துறையிடம் மட்டும் கொடுங்கள். அடிபட்டவரின் முகத்தை அவருடைய வீட்டார் ஒரு குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலையை ஏற்படுத்தாதீர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும், அவர் சார்பில் நியாயம் கேட்கும் பதிவுக்கும் இது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): தீபாவளி இரவில் நாசா எடுத்த படம்...

மேலே பதில் இருக்கிறது. கேட்பதற்கு முன் முந்தைய பதில்களைப் படித்துவிடுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி (மளிகைக் கடை உரிமையாளர், ஆரணி): சரி, ஐயா. அனுப்பிவிட்டேன், இரண்டு நாள் ஆகிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

அனுப்பிய இரண்டு நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்கலாம்; உங்களுக்கு இன்னும் சில மணி நேரமே இருப்பதால் உடனே செய்யுங்கள். ஆனால் அதற்குள் மற்றவர்கள் முன்னனுப்பிய பிரதிகள் அதனால் அழியமாட்டா. ஆகவே அதே குழுவில், அந்த வீடியோ எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்பதை இரண்டு வரியில் எழுதி, உண்மையை விளக்கும் இணைப்பையும் சேர்த்து, இதை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் அங்கேயும் இந்தத் திருத்தத்தைப் போடுங்கள் என்று உங்கள் பெயரிலேயே கேளுங்கள். கடைக்கு வருபவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். குழுவில் இல்லாதவர்களும் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பார்கள்.