சின்ன பிசினஸ்ல ஏஐ டூல் யூஸ் பண்ணா சட்டப்படி எங்க மாட்டுவோம்?

நீங்க கேட்டது: ஆறு பேர் இருக்கற கம்பெனி, வெப்சைட்ல கஸ்டமருக்கு பதில் சொல்ல சாட்பாட், விளம்பரம் எழுத ஏஐ, படம் போட ஏஐ, வந்த ரெஸ்யூமை வடிகட்டவும் ஏஐ, இதனால கேஸ் கீஸ்னு ஏதாவது வருமா, இல்ல அதெல்லாம் பெரிய கம்பெனிங்க கவலையா, இதுக்குன்னு ஒரு வக்கீலை பாக்கணுமா.

நான் வக்கீல் இல்ல. டிசைனும் கன்டென்ட்டும் பண்ணி குடுக்கற சின்ன ஆஃபீஸ் நடத்தறேன், கிளையன்ட் அனுப்பற அக்ரிமென்ட்டை படிச்சு கையெழுத்து போடறது என் வேலை. ரெண்டு தடவை கையை சுட்டுக்கிட்டு கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கறது.

வரும்ங்க. ஆனா நீங்க பயப்படற ரூபத்துல வராது. ஏஐக்குன்னு போட்ட புது சட்டத்துல மாட்டறவங்க கம்மி, பழைய சட்டத்துலதான் மாட்டுவோம், அதாவது வாக்கு குடுத்து மாறினது, அடுத்தவன் ரகசியத்தை வெளிய விட்டது, நமக்கு உரிமை இல்லாததை வித்தது, இந்த மாதிரி. டூல் செஞ்சுதுன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, பில்லுல யார் பேர் இருக்கோ அவங்கதான் பதில் சொல்லணும்.

சாட்பாட் விஷயத்துக்கு ஏர் கனடா விமான கம்பெனி கதையை எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். 2022 நவம்பர்ல ஒரு பயணி, பாட்டி இறந்துட்டாங்கன்னு டிக்கெட் போடறார். துக்கத்துக்கு போறவங்களுக்கு இருக்கற சலுகையை டிக்கெட் எடுத்து 90 நாளுக்குள்ள அப்ளை பண்ணி வாங்கிக்கலாம்னு அவங்க வெப்சைட் சாட்பாட் சொல்லுது. அப்புறம் கேட்டா, இல்ல இல்ல, பயணம் முடிஞ்சப்புறம் தர மாட்டோம்னு இன்னொரு பக்கத்துல தெளிவா போட்டிருக்கோமேங்கறாங்க. விஷயம் கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண தீர்ப்பாயத்துக்கு போச்சு. அங்க கம்பெனி சொன்ன வாதம், சாட்பாட் ஒரு தனி சட்ட ஆளு மாதிரி, அது பேசினதுக்கு அதுவே பொறுப்புன்னு! தீர்ப்பாயம் ஏத்துக்கல. வெப்சைட்ல இருக்கற எல்லா தகவலுக்கும் கம்பெனிதான் பொறுப்பு, அது சாதா பக்கமா இருந்தா என்ன சாட்பாட்டா இருந்தா என்னன்னு 2024 பிப்ரவரில தீர்ப்பு. வட்டி, செலவு எல்லாம் சேர்த்து சுமார் 812 கனடா டாலர்தான், விமான கம்பெனிக்கு அது ஒரு தூசு. ஆனா உங்க பாட் ஒரே தப்பு ரீஃபண்ட் வாக்கை முன்னூறு பேருக்கு குடுத்திருந்தா யோசிச்சு பாருங்க. அதனால ரீஃபண்ட், வாரண்டி, டெலிவரி தேதி, விலை, இந்த நாலுலயும் பாட் சொந்தமா வாக்கியம் அமைக்கவே கூடாது, நீங்க எழுதி வெச்ச பக்கத்தோட லிங்க்கை குடுத்துட்டு ஆள்கிட்ட கை மாத்திடணும். சாட்டை எல்லாம் சேவ் பண்ணியும் வைங்க, நாளைக்கு சண்டை வந்தா பாட் என்ன சொல்லுச்சுன்னு கஸ்டமர் ஸ்கிரீன்ஷாட் வெச்சிருப்பார், உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

இனி என் சூடு நம்பர் ஒண்ணு. எங்ககிட்ட புதுசா சேர்ந்த பையன், கிளையன்ட்டோட இன்னும் வெளிய வராத பொருளோட விவரத்தை அப்படியே காப்பி பண்ணி ஒரு இலவச டூல்ல போட்டு விளம்பர வரி எழுத சொல்லிட்டான். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல, வேலை சீக்கிரம் முடியட்டும்னுதான். ஆனா நாங்க கையெழுத்து போட்ட ரகசிய ஒப்பந்தத்துல எழுத்துபூர்வ அனுமதி இல்லாம மூணாவது ஆள்கிட்ட குடுக்க கூடாதுன்னு இருக்கு, அந்த டூல் கம்பெனி மூணாவது ஆள்தானே. அவனே வந்து சொன்னதால தெரிஞ்சுது. கிளையன்ட்டுக்கு நாங்களே மெயில் போட்டோம், திருப்பி அவங்க கேட்டது மூணே கேள்வி, எந்த டூல், யார் அக்கவுன்ட், என்னைக்கு. அவனோட சொந்த ஃபோன், சொந்த அக்கவுன்ட், அதனால எங்ககிட்ட ஒரு ரெக்கார்டும் இல்ல. கேஸ் ஆகல, ஆனா அடுத்த வேலையும் வரல.

சாம்சங்லயே 2023ல இஞ்சினியர்கள் சோர்ஸ் கோடை சாட்ஜிபிடில போட்டு, அப்புறம் கம்பெனி அந்த மாதிரி டூல்களுக்கே தடை போட்டுச்சு, அதனால நம்ம ஆளுங்க மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. டெலீட் பண்ணிட்டேனேன்னு சொல்றதும் முழுசா காப்பாத்தாது. நியூயார்க் டைம்ஸ் போட்ட கேஸ்ல 2025 மே மாசம் கோர்ட், சாட்ஜிபிடி கம்பெனியான ஓபன்ஏஐ கிட்ட யூசர் அழிச்ச சாட்டை கூட அழிக்காம வைங்கன்னு உத்தரவு போட்டுச்சு, சில மாசம் அது அமல்ல இருந்துது. கம்பெனிகளுக்கான என்டர்பிரைஸ் கணக்குக்கு அதுல விலக்கு இருந்துச்சு. இலவச அக்கவுன்டுக்கும் என்டர்பிரைஸ் அக்கவுன்டுக்கும் வித்தியாசம் ஸ்பீடு மட்டும் இல்லங்கறது எனக்கு அப்பதான் உறைச்சுது. கஸ்டமர் பேர், ஃபோன் நம்பர், உடம்பு விவரம் மாதிரி தனிப்பட்ட டேட்டான்னா இன்னும் மோசம், ஐரோப்பால ஜிடிபிஆர்ங்கற டேட்டா பாதுகாப்பு சட்டம், இந்தியால 2023 டேட்டா பாதுகாப்பு சட்டம்னு ஒவ்வொரு நாட்டுலயும் ஒண்ணு இருக்கு.

படம், லோகோ பத்தி. சூடு நம்பர் ரெண்டு இங்கதான். ஒரு கிளையன்ட்டுக்கு ஏஐல போட்ட லோகோ படத்தை லேசா திருத்தி குடுத்தோம், அக்ரிமென்ட்ல முழு காப்புரிமையும் (காப்பிரைட்) உங்களுக்கு மாத்தி தர்றோம்னு வழக்கமா இருக்கற வரி இருந்துது. நம்மகிட்டயே இல்லாததை எப்படி மாத்தி தர்றது? அமெரிக்கால மனுஷன் படைச்சாதான் காப்புரிமை, 2025 மார்ச்ல அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. ப்ராம்ப்ட், அதாவது ஏஐக்கு என்ன வேணும்னு எழுதற வரி, அதை அடிச்சது மட்டும் போதாதுன்னு அங்க காப்புரிமை ஆஃபீஸ் அதே வருஷம் ஜனவரில அறிக்கையே விட்டுச்சு. பிரிட்டன், இந்தியா சட்டத்துல கம்ப்யூட்டர் உருவாக்கின படைப்புக்கு, அது உருவாக காரணமா இருந்தவரை ஆசிரியரா எடுத்துக்கலாம்ங்கற மாதிரி ஒரு பழைய வரி இருக்கு, ஆனா ஏஐ காலத்துக்கு முன்னாடி எழுதினது, அதை மட்டும் நம்பி லோகோ விக்கறது எனக்கு சரியா படல. லோகோவை காப்பி அடிச்சு போட்டி கடைக்காரன் போட்டா நீங்க தடுக்க முடியாம போகலாம், அதுதான் நஷ்டம். நாங்க அந்த லோகோவை கையால திரும்ப வரைஞ்சு குடுத்தோம், காசு வாங்காம.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. உங்க டேபிள்ல ரெண்டு பேப்பரை பக்கத்து பக்கத்துல வைங்க, ஒண்ணு டூல் கம்பெனியோட டேர்ம்ஸ், இன்னொண்ணு உங்க கிளையன்ட் அக்ரிமென்ட். டூல் கம்பெனி பேப்பர்ல, அவுட்புட் சரியா இருக்கும்னு உத்தரவாதம் இல்ல, எங்க பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு, அதுவும் பெரும்பாலும் நீங்க கட்டின சந்தா அளவுக்குன்னு இருக்கும். நீங்க கிளையன்ட்டுக்கு குடுத்த பேப்பர்ல, எல்லாம் ஒரிஜினல், யார் உரிமையையும் மீறல, கேஸ் வந்தா நாங்க பாத்துக்கறோம், வரம்பே கிடையாதுன்னு இருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளம் முழுக்க நம்மளுது. மைக்ரோசாஃப்ட், கூகுள், ஓபன்ஏஐ மூணும் 2023ல காப்புரிமை கேஸ் வந்தா நாங்க நிக்கறோம்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அது முக்கியமா காசு கட்ற பிசினஸ் கஸ்டமருக்கு, அதுவும் அவங்க ஃபில்டரை ஆஃப் பண்ணாம யூஸ் பண்ணியிருந்தாதான். நாங்க இப்ப அக்ரிமென்ட்ல ஏஐ எங்க யூஸ் பண்றோம்னு நேரா எழுதிடறோம், எங்க பொறுப்பு நாங்க வாங்கின ஃபீஸ் அளவுக்குத்தான்னு வரம்பு போட்டுடறோம். ரெண்டு கிளையன்ட் ஒத்துக்கல, போகட்டும்னு விட்டுட்டோம்.

ரெஸ்யூமை வடிகட்டறதை தயவு செஞ்சு நிறுத்துங்க, இல்ல கடைசி முடிவை ஆள் எடுக்கட்டும். ஐட்யூட்டர்குரூப்னு ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனி, அவங்க சாஃப்ட்வேர் 55 வயசுக்கு மேல பெண்களையும் 60க்கு மேல ஆண்களையும் தானா தள்ளிடுச்சுன்னு அமெரிக்க அரசு கேஸ் போட்டு, 2023ல 3,65,000 டாலருக்கு சமரசம் ஆச்சு. எப்படி வெளிய வந்துதுன்னா, ஒருத்தர் அதே அப்ளிகேஷனை வயசு கம்மியா தெரியற மாதிரி பிறந்த தேதியை மட்டும் மாத்தி திரும்ப போட்டார், உடனே இன்டர்வியூவுக்கு கூப்டாங்க. இத்தனைக்கும் அது ஒண்ணும் பெரிய ஏஐ இல்ல, வயசை பாத்து தள்ளற சாதாரண ப்ரோக்ராம். ஐரோப்பிய யூனியன் சட்டத்துல ஆள் எடுக்கற ஏஐயை அதிக ஆபத்து லிஸ்ட்லயே வெச்சிருக்காங்க.

மீட்டிங்கை ரெக்கார்ட் பண்ற ஏஐ பாட் வெச்சிருந்தா எல்லார்கிட்டயும் முன்கூட்டியே கேட்டுக்கோங்க, கலிஃபோர்னியா மாதிரி இடத்துல ரகசியமா பேசற பேச்சை ரெக்கார்ட் பண்ண பேசற எல்லாரோட சம்மதமும் வேணும். ஏஐல எழுதின போலி கஸ்டமர் ரிவ்யூ, அதை பத்தி பேசவே வேண்டாம், பண்ணாதீங்க.

வக்கீல் வேணுமான்னு கேட்டீங்க. மாசா மாசம் வேண்டாம், ஒரு தடவை உக்காந்தா போதும். போகும்போது மூணு விஷயம் கொண்டு போங்க: ஆஃபீஸ்ல யார் யார் எந்த டூலை எந்த அக்கவுன்ட்ல யூஸ் பண்றாங்கங்கற லிஸ்ட், அந்த டூல்களோட டேர்ம்ஸ் பிரின்ட், உங்க கிளையன்ட் அக்ரிமென்ட். ஏஐ கிட்டயே கேட்டு அக்ரிமென்ட்டை எழுதி எடுத்துட்டு போகாதீங்க. 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீல்களே சாட்ஜிபிடி குடுத்த இல்லாத தீர்ப்புகளை கோர்ட்ல தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க. நானும் அப்படி ஒண்ணு எழுதி எடுத்துட்டு போனேன், எங்க வக்கீலம்மா அதை வரி வரியா படிச்சு அடிச்சுட்டு புதுசா எழுதினாங்க, படிச்ச நேரத்துக்கும் சேர்த்து ஃபீஸ் போட்டாங்க.