வாசகர் கேள்வி – பதில்: ஒரு பாட்டு, இரண்டு குரல்கள்

கேள்வி: உப்புவெளியில் சிறிய விடுதியொன்றை நடத்துகிறேன். அங்கே தங்கியிருந்த முதிய இத்தாலியத் தம்பதியர் ஒரு மாலை பழைய பாடலொன்றை முணுமுணுத்தனர். 1966ஆம் ஆண்டு சன்ரெமோ பாட்டுப் போட்டியில் மொடுஞோ பாடி வென்ற பாடல் அது என்றார் கணவர். இல்லை, சிங்குவெத்தி பாடி வென்றது என்றார் மனைவி. இரவுச் சாப்பாடு முடிந்தும் வாக்குவாதம் ஓயவில்லை. யார் சொன்னது சரி? (உப்புவெளி வாசகர்)

பதில்: இருவர் சொன்னதும் சரியே. அவர்கள் முணுமுணுத்தது 'தியோ, கோமெ தி ஆமோ' என்ற பாடலாக இருக்க வேண்டும். 'கடவுளே, உன்னை நான் எவ்வளவு காதலிக்கிறேன்' என்பது அதன் பொருள். டொமெனிக்கோ மொடுஞோவும் ஜிலியோலா சிங்குவெத்தியும் அதே பாடலைத் தனித்தனியே, வெவ்வேறு வாத்திய அமைப்புடன் பாடினார்கள். பரிசு பாடலுக்கே உரியதாகையால் வெற்றி இருவர் பெயரிலும் பதிவானது.

சன்ரெமோ, இத்தாலியின் வடமேற்கில் லிகூரியாக் கரையோரம் உள்ள ஊர். அங்குள்ள கசினோ மண்டபத்தில் 1951இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய இப்போட்டி, 1955 முதல் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. அது பாடகருக்கான போட்டியாக அல்ல, பாடலுக்கான போட்டியாக எண்ணப்பட்டதால், ஒரு குரலின் கவர்ச்சி பாடலின் தரத்தை மறைத்துவிடாதிருக்க ஒவ்வொரு பாடலையும் இருவர் பாடும் முறை 1953 முதல் 1971 வரை, 1956 நீங்கலாக, கடைப்பிடிக்கப்பட்டது. நமது கோயில் திருவிழாக்களில் இரண்டு மேளக் குழுக்களை எதிரெதிரே இருத்தி வாசிக்கவிடும்போது நாம் எடைபோடுவது வித்துவான்களை. சன்ரெமோவிலோ வித்துவான்களை மாற்றி மாற்றி நிறுத்திக் கீர்த்தனையை எடைபோட்டார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் மக்கள் மனம் அவ்வாறு இயங்குவதில்லை. 'வொலாரே' என்று உலகமே அறிந்த 1958ஆம் ஆண்டுப் பாடலை மொடுஞோவுடன் ஜொனி டொரெல்லியும் பாடி வென்றார் என்பது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

1964இல் இத்தாலியப் பாடகருக்கு இணையாக வெளிநாட்டவரை நிறுத்தத் தொடங்கியதும், போல் அங்கா, ஜீன் பிட்னி போன்றோர் இத்தாலிய மொழியில் பாட வந்தார்கள். அவ்வாண்டு வென்றவர் 16 வயதேயான சிங்குவெத்தி. 'காதலிக்கும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை' என்ற பொருளுடைய அப்பாடலைக் கொண்டு கோப்பன்ஹேகனில் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலும் வென்று, இத்தாலிக்கு அப்போட்டியின் முதல் வெற்றியைத் தேடிக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகளின் பின் உங்கள் விருந்தினர்களின் பாடலோடு யூரோவிஷனுக்குப் போன மொடுஞோ ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. இதை அந்த அம்மையாரிடம் சொல்லலாம். ஆனால் பாடலை இயற்றியவரே மொடுஞோதான் என்பதால், என் கணக்கில் கணவர் பக்கம் சற்று வலுவானது.

கேள்வி: அக்காலத் தொலைக்காட்சியில் உண்மையாகவே நேரில் பாடினார்களா, அல்லது வாயசைத்தார்களா? (திருகோணமலை நகர வாசகி)

பதில்: வாத்தியக் குழுவுடன் நேரில் பாட வேண்டும் என்பதே சன்ரெமோவின் விதி. 1964இல் பொபி சோலோ என்ற இளைஞருக்குத் தொண்டை கட்டிவிட்டதால், ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைத்தார். அதனால் பரிசுக்குரிய தகுதியை இழந்தார். ஆனால் அந்தப் பாடலின் இசைத்தட்டு இத்தாலியில் அமோகமாக விற்பனையானது. மறு ஆண்டே திரும்பி வந்து, வேறொரு பாடலால் வென்றும் காட்டினார்.

கேள்வி: போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பாடகர் ஒருவர் இறந்தாராமே? (மூதூர் வாசகர்)

பதில்: ஆம். லூயிஜி டெங்கோ என்பவர். தாமே இயற்றித் தாமே பாடியவர். 1967 ஜனவரியில் அவரும் பாடகி டலிடாவும் பாடிய பாடலை நடுவர்கள் இறுதிச் சுற்றுக்குத் தெரிவுசெய்யவில்லை. அன்றிரவே அவர் தமது விடுதி அறையில் இறந்து கிடந்தார். அப்படியிருந்தும் போட்டியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். அதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை. தாமே பாடல் இயற்றிப் பாடும் கலைஞர்களுக்கென அவர் பெயரால் ஒரு விருது, அதே சன்ரெமோவில் 1974 முதல் வழங்கப்படுகிறது.