தாம்பாளத் தண்ணியில திருடன் முகம் தெரியுமா?

கேள்வி: எங்க மாமியாரோட ரெண்டு பவுன் செயின் ஒரு வாரமா காணோம். பக்கத்து ஊர்ல ஒருத்தர் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி எடுத்தவங்க முகத்தையே காட்டுவாராம், 1,500 ரூபா கேக்குறார். மாமியார் கெளம்பிட்டாங்க. வேற ஊர்லயும் இப்படி உண்டா, போலாமா?
- ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: உண்டுங்க, ரொம்பப் பழசு. இப்ப ஈராக்னு சொல்ற இடத்துல இருந்த பாபிலோன் களிமண் பலகையில 3,500 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க, கிண்ணத்துத் தண்ணியில எண்ணெய் சொட்டு விட்டு அது பரவுற தினுசு பாத்து பலன் சொல்றது, கல்யாணம்னா மாப்பிள்ளைக்கு ஒரு சொட்டு பொண்ணுக்கு ஒரு சொட்டு, ரெண்டும் சேந்தா கல்யாணம் கூடும், பத்துப் பொருத்தமெல்லாம் கிடையாது! (நம்ம சித்த வைத்தியத்துல சிறுநீர்ல நல்லெண்ணெய் விட்டு பாக்குற நெய்க்குறி வேற, அது நோய் கண்டுபிடிக்க.) பைபிள்ல யோசேப்பு குறி பாக்குற வெள்ளிக் கிண்ணம் அவரோட தம்பி பென்யமீன் மூட்டையில சிக்கும்ல, அதை அங்க வைக்கச் சொன்னதே யோசேப்புதான், திருட்டே செட்டப்பு.

எனக்குப் பிடிச்சது கிரேக்க நாட்டு பத்ராஸ். அங்க டிமீட்டர்ங்கிற விளைச்சல் தெய்வத்தோட கோயில் முன்னாடி ஒரு ஊத்து, 2ஆம் நூற்றாண்டுல ஊர் ஊராப் போன பௌசானியஸ்ங்கிற கிரேக்க எழுத்தாளர் எழுதியிருக்கார், கண்ணாடிய மெல்லிசு கயித்துல கட்டி இறக்குவாங்க, முழுகிடக்கூடாது, விளிம்பு மட்டும் தண்ணியத் தொடணும், அப்புறம் சாமி கும்பிட்டு தூபம் போட்டுட்டு எட்டிப் பாத்தா நோயாளி உயிரோடவோ பொணமாவோ தெரிவாராம். ஆனா நோயாளிக்கு மட்டும்தான். செயினுக்குன்னு போயிருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்க.

சரி, முகம் எப்படித் தெரியுது? 2010ல இத்தாலி உளவியல் ஆராய்ச்சியாளர் ஜோவானி கபூட்டோ 50 பேரை மங்கலான வெளிச்சத்துல 10 நிமிஷம் கண்ணாடியப் பாக்க வச்சார், மூணுல ரெண்டு பேருக்கு சொந்த முகமே கோணிக்கிட்டுத் தெரிஞ்சுது, சிலருக்கு அப்பா அம்மா முகம், சிலருக்கு முன்னபின்ன தெரியாத ஆளு. நிலைக்கண்ணாடிக்கே இப்படின்னா ஆடுற தண்ணிக்கு கேக்கணுமா. உங்க மாமியாருக்கு ஏற்கெனவே யார் மேல சந்தேகமோ அவங்க முகம்தான் வரப்போகுது, பெரும்பாலும் பாத்திரம் தேய்க்க வர்ற அக்கா. அப்புறம் அந்தம்மா தெருவுல தலைநிமிந்து நடக்க முடியாது, அதுக்கு 1,500 ரூபா வேற.

மொதல்ல தலகாணி உறை, மெத்தை இடுக்கு, பாத்ரூம் ஜாலிய கழட்டிப் பாருங்க. கிடைக்கலன்னா போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதிக் குடுத்துட்டு புகார் வாங்கினதுக்கு அத்தாட்சியா அவங்க குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வராதீங்க. நகைக்கடை பில் இருந்தா ஜெராக்ஸ் கொண்டு போங்க.