பவேரியா பண்ணை வீடும் டைல்ஸ் அடுப்பும்: கேட்டீங்க, சொல்றேன்

ஜெர்மனில லோயர் பவேரியாவுல அடுப்பு கட்டுற மேஸ்திரி ஒருத்தர்கிட்ட ஒன்பது வருஷமா வேலை பாக்குறேன். பழைய காஹெல்ஓஃபன், அதாவது டைல்ஸ் போர்த்துன விறகடுப்ப பிரிச்சு திரும்ப கட்டுறதுதான் எங்க பாதி வேலை. பழைய பண்ணை வீடு வாங்குனவங்க கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: வீடு கைக்கு வந்தாச்சு. ஜன்னல், தரை, அடுப்பு, எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

கூரை ஒழுகுனா கூரை. இல்லன்னா அடுப்புதாங்க, ஏன்னா மத்த எல்லாமே அத பாத்துதான் முடிவாகணும். புது ஜன்னல் காத்தே புகாம இறுக்கமா உக்காரும், அப்ப நெருப்புக்கு காத்து எங்கருந்து வரும்? சுவருக்கு இன்சுலேஷன் போட்டா வீட்டுக்கு தேவைப்படுற சூடு கொறஞ்சிரும், அதே பெரிய அடுப்புல எரிச்சா ரூம்ல உக்காரவே முடியாது. ஒரு வீட்ல புதுசா மரத்தரை போட்டு பாலிஷ் வரைக்கும் முடிச்சிட்டு எங்கள கூப்புட்டாங்க, அடுப்போட அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருந்துச்சு, அவ்ளோ நல்ல தரைய பேத்து எடுத்தப்போ எனக்கே மனசு கேக்கல. அதனால எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஊர் கமின்கேரர, அதாவது புகைபோக்கி பாக்குறவர கூப்புடுங்க. ஏழு வருஷத்துக்கு ரெண்டு தடவ அவர் சட்டப்படி வந்து பாக்கணும், அது வரைக்கும் காத்திருக்காதீங்க.

கேள்வி: அண்ணை, எங்கட வீட்டில அடுப்பு ஹோலுக்குள்ள நிக்குது, ஆனா விறகு போடுற வாய் குசினிப் பக்கம் இருக்கு. இடைச்சுவரை உடைச்சு ரெண்டையும் ஒண்டாக்கலாமோ?

தயவுசெஞ்சு உடைக்காதீங்க. உங்க வீட்ல இருக்குறது ஹின்டர்லாடர், பின்பக்கமா விறகு போடுற அடுப்பு. சமையல்கட்டுலயோ நடையிலயோ நின்னு விறக போடுவாங்க, சாம்பலும் புகையும் அங்கயே நின்னுரும், ஸ்டூபேன்னு சொல்ற உள்ரூமுக்கு சூடு மட்டும்தான் வரும். அந்தக் காலத்து வீட்ல குளிர்ல சுத்தமா சூடா இருந்த ஒரே ரூம் அதுதான், சாப்பாடு, தையல், வயசானவங்க தூக்கம் எல்லாமே அடுப்ப சுத்தி இருக்குற பெஞ்சுலதான். சுவர உடைச்சா அடுப்புக்கு முதுகே போயிரும், அந்த சுவர் மேல மச்சோட பாரமும் நிக்கலாம். வெளிச்சம் வேணும்னா அடுப்புல இருந்து தள்ளி ஒரு வாசல் திறக்கலாம், அதுவும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாத்த பிறகு.

கேள்வி: 2024 முடிஞ்சதோட பழைய அடுப்பெல்லாம் தடைன்னு சொல்றாங்களே?

எல்லாத்துக்கும் இல்ல. 1995ல இருந்து 2010 மார்ச் 21 வரைக்கும் டைப் பிளேட்ல, அதாவது அடுப்புல பதிச்ச விவரத் தகட்டுல, தேதி இருக்குற அடுப்புங்களுக்குதான் 2024 டிசம்பர் 31 கெடு. ஒரு கனமீட்டர் புகைக்கு தூசி 0.15 கிராம், கார்பன் மோனாக்சைடு 4 கிராம், இதுக்குள்ள இருந்தா அதையும் வச்சிக்கலாம். 1950க்கு முன்னாடி கட்டுனதுன்னு காட்ட முடிஞ்சா இந்த கெடு பொருந்தாது, முழுக்க கல்லுலயே கட்டுன குருண்ட்ஓஃபனுக்கும் அப்படித்தான். ஆனா வெளிய டைல்ஸ், உள்ள இரும்பு பெட்டின்னு இருந்தா பெட்டியோட தேதி என்னன்னு பாருங்க. அறுபது எழுபதுகள்ல வச்ச பெட்டின்னா கதவு ஓரத்துல இடுக்க அடைக்கிற கயித்துல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நீங்களே பிச்சு எடுக்காதீங்க.

கேள்வி: டைல்ஸ் நடுவுல விரிசல். சிமென்ட் வச்சு அடைச்சிரவா?

வேண்டாங்க. சூட்டுல அடுப்பு விரியும், ஆறுனா சுருங்கும், களிமண் அதுக்கு இடம் குடுக்கும், சிமென்ட் குடுக்காது, கடைசில டைல்ஸே வெடிச்சிரும். கிளேஸ்ல, அதாவது டைல்ஸ் மேல இருக்குற பளபளப்பு பூச்சுல, முடி மாதிரி ஓடுற கீறல்னா பயமே வேண்டாம். டைல்ஸ் இடுக்குல புகைக்கரி தெரிஞ்சா மட்டும் உள்ள பிரிச்சு பாத்தே ஆகணும். களிமண்ல கட்டுனதால பிரிக்கிறது சுலபம், ஒவ்வொரு டைல்ஸுக்கும் பின்னாடி நம்பர் எழுதி போட்டோ எடுத்து வச்சிக்கிட்டா மண்ண தண்ணில ஊற வச்சு கழுவிட்டு அதே டைல்ஸ திரும்ப ஏத்தலாம். நெருப்பு படுற ஷமோட் கல்லு மட்டும் பெரும்பாலும் புதுசா போட வேண்டியிருக்கும். கட்டி முடிச்ச ஒடனே பெரிசா எரிக்காதீங்க, கொஞ்ச நாள் சின்ன சின்ன நெருப்பா போட்டு ஈரத்த வெளிய விடுங்க.

கேள்வி: பிரிச்சு மாடி ரூமுக்கு மாத்தலாமா?

ஒரு டன், அதுக்கு மேலயும் இருக்கும். பழைய மர உத்தரம் தாங்காது. கீழயே இருக்கட்டும்.

கேள்வி: நாள் பூரா விறகு போட்டுக்கிட்டே இருக்கணுமா? எங்க அடுப்பு கதவு கண்ணாடியும் கறுத்துப் போகுது.

இல்லங்க, அப்படி காத்த கொறச்சு மெல்ல எரிக்கிறதாலதான் கறுக்குது. பெரிய குருண்ட்ஓஃபன்னா காத்து வழிய முழுசா திறந்து வச்சு ஒரே தடவ நல்லா எரிய விடணும், ரெண்டு மணி நேரத்துல நெருப்பு முடிஞ்சிரும், கல்லு குடிச்ச சூட்ட அரை நாள்ல இருந்து ஒரு நாள் வரைக்கும் விட்டுக்கிட்டே இருக்கும். காத்த கொறச்சு புகைய விட்டா தாரு படியும், அது புகைபோக்கில சேந்து தீப்பிடிச்சா வீடே போயிரும். விறக பொளந்து ரெண்டு வருஷம் மழை படாம காத்தாட அடுக்கி வைங்க, ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ வரணும். மேல சின்ன சுள்ளி வச்சு மேல இருந்து பத்த வைங்க, புகை ரொம்ப கம்மியா வரும். தணல் மேல நீல ஜுவாலை ஆடுற வரைக்கும் காத்த மூடாதீங்க, அங்க எரியிறது கார்பன் மோனாக்சைடு, மூடுனா அது எரியாம ரூமுக்குள்ள வரும், வாசனையே தெரியாது.

கேள்வி: புது கிச்சன்ல புகைய வெளிய தள்ளுற சிம்னி ஃபேன் வைக்கிறோம், அதுக்கும் அடுப்புக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரடி சம்பந்தம் இருக்கு. ஃபேன் இழுக்குற இழுப்புல அடுப்பு புகை வீட்டுக்குள்ளயே திரும்பும். ஜன்னல் திறந்தா மட்டும் ஃபேன் ஓடுற மாதிரி ஒரு சுவிட்ச் வருது, எலக்ட்ரீஷியன்கிட்ட இப்பவே சொல்லி வயர் இழுத்து வைங்க, டைல்ஸ் ஒட்டுன பிறகு கேட்டா மறுபடி சுவர உடைக்கணும்.