மண் பூச்சாடியில் தண்ணீர் கசிவது ஏன்?

யாழ்ப்பாணத்து மண்பாண்டப் பயிற்சி முகாமில் வனைந்த பூச்சாடி மேசையை நனைக்கிறது, சூளையில் பிழையா என்று கேட்கிறீர்கள். பிழையே இல்லை. விறகுச் சூளையின் வெப்பம் பெரும்பாலும் 1000 பாகை செல்சியஸைத் தாண்டாது. களிமண்ணின் நுண்துளைகள் அடைபடாது. பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தானே. கசியாமலிருக்கக் கண்ணாடிப்பூச்சு பூசி மறுபடி சுட வேண்டும், அல்லது 1200 பாகைக்கு மேல் இறுகும் வேறு களி வேண்டும். வார்னிஷ் அடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, நாளடைவில் உரியும்.

சுலபமான வழி, உள்ளே ஒரு ஜாம் போத்தலை இறக்கி அதில் தண்ணீர் விடுவது. அடுத்த சாடிக்கு வாயை அதற்கேற்ப அகலமாக விடுங்கள். காய்ந்து சுட்டபின் களி பத்தில் ஒரு பங்கு சுருங்கலாம். அதனால் ஈரக் களியில் வனையும்போதே அளவில் கொஞ்சம் தாராளம் தேவை. அப்புறம், செவ்வரத்தை வேண்டாம், ஒரே நாளில் வாடிவிடும். செவ்வந்தி நின்றுபிடிக்கும்.