ஆறாத புண்ணும் கடை ட்யூபும்: தோல் மருத்துவர் பதில்கள்

ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். போட்டோவை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது. யார் உடனே நேரில் காட்ட வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் தந்த க்ரீமைத் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. விட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. ஏன் டாக்டர்?

ட்யூபில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தோடு இதையும் கலந்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்தே அடக்கும். மேலே ஆறிவிட்ட மாதிரி தெரியும், பூஞ்சை பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். வட்டத்தின் ஓரம்கூடக் கலைந்துபோய், இது படர்தாமரைதானா என்று எங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். மாதக்கணக்கில் தடவியவர்களின் தொடையில் வரிவரியாகத் தழும்பு விழுந்திருக்கும். அது முழுசாக மறையாது.

ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இன்றும் கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

அதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சைக்கு மட்டுமான மருந்து தருவார். வட்டத்தைத் தாண்டி ஓர் அங்குலம் வரை தடவுங்கள், மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாதீர்கள். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அவர்களுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். துண்டு தனித்தனியாக இருக்கட்டும், ஈரம் காயாத உள்ளாடை வேண்டாம்.

அம்மாவுக்கு 65 வயது. பாவாடை நாடா கட்டும் இடம் வருஷக்கணக்காகக் கறுத்துத் தடித்திருக்கிறது. இப்போது ஆறு மாதமாக அங்கே ஒரு புண் ஆறவில்லை. மஞ்சள் பூசி வருகிறோம்.

மஞ்சளை நிறுத்திவிட்டு இந்த வாரமே கூட்டிப்போங்கள். நாடா ஒரே இடத்தில் இறுக்கி, வேர்வையோடு உரசி, புண்ணாவதும் ஆறுவதுமாகப் பல வருஷம் போனால், அரிதாகச் சிலருக்கு அங்கே ஸ்குவாமஸ் செல் புற்று என்ற ஒரு வகைத் தோல் புற்று வருவதுண்டு. இறுக்கிக் கட்டும் வேட்டியாலும் வந்திருக்கிறது. காஷ்மீரில் குளிருக்காக வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற தணல் சட்டியாலும், பழைய தீக்காயத் தழும்பிலும் வருவது இதே வகைதான். எல்லாமே வருஷக்கணக்கில் தோலை வதைத்ததன் விளைவு.

அம்மாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புண்ணின் ஓரம் கெட்டியாகப் புடைத்து, தொட்டால் ரத்தம் கசிந்தாலோ, தொடை இடுக்கில் கட்டி தட்டுப்பட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மரத்துப்போக ஊசி போட்டு மிளகளவு சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். 'பயாப்ஸி எடுத்தால் புற்று பரவிவிடும்' என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவார்கள், அது உண்மையில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு நாள் கடத்தியவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். இனி அகலமான பட்டை வைத்த பாவாடையைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள்.

நாம் கறுப்பு நிறம், நமக்குத் தோல் புற்று வராது என்கிறார்களே?

வெயிலால் வருவது நமக்குக் குறைவு, அது சரி. ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற புற்று நம் போன்றவர்களுக்கு வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் தொடங்கியது இந்த மெலனோமாதான். 1981இல், 36 வயதில் இறந்தார். உள்ளங்காலில் புதிதாக வந்த கறுப்புப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனால், அதன் ஓரம் கோணல்மாணலாக இருந்தால், நகத்தில் விழுந்த கறுப்புக் கோடு அகலமானால் காட்டிவிடுங்கள். சின்ன வயசிலிருந்து மாறாமல் இருக்கும் மச்சத்துக்குப் பயப்பட வேண்டாம்.

பிபிக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடுகிறேன். தோல் புற்று வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

டென்மார்க்கில் நடந்த ஆய்வுகளில் அப்படியொரு தொடர்பு தெரிந்தது. வருஷக்கணக்கில் சாப்பிட்ட வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் அந்த அபாயம் முக்கியமாகப் பொருந்தும். நீங்களாக நிறுத்தினால் பிபி ஏறிப் பக்கவாதம் வர வாய்ப்பு உண்டு. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள், போதும்.

தோழி தந்த சிவப்பழகு க்ரீமில் கம்பெனி முகவரியே இல்லை. முகம் பளபளக்கிறது, தொடரலாமா?

வேண்டாம். இப்படி வருபவற்றில் பாதரசம் இருக்கலாம். 2023இல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், இந்த மாதிரி க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள். தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகுமா?

கூடவே கூடாது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது நின்று, உயிருக்கே ஆபத்தாகிவிடும். 'ஞாயிறு மட்டும்' என்பது போல, டாக்டர் சொன்ன கிழமையை மாத்திரை அட்டையிலேயே பெரிதாக எழுதிவையுங்கள். பெரியவர்கள் பிபி மாத்திரையோடு சேர்த்துத் தினமும் விழுங்கிவிடுகிறார்கள், அதனால் இதைத் தனி டப்பாவில் வைத்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், மது அறவே கூடாது. வேறு எதற்காக டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள்; கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகள் இதோடு சேர்ந்தால் விஷமாகும். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால், அடுத்த வார மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.