மேனேஜர் வீட்டு வாசலில் தேர்தல் தட்டி ஏன் இல்லை? - வாசகர் கேள்வி பதில்

டெக்சாஸில் ஒரு நடுத்தர ஊரின் பட்ஜெட் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். எங்கள் சிட்டி மேனேஜர் எந்தத் தேர்தலிலும் தன் வீட்டு வாசலில் வேட்பாளர் பெயர் போட்ட தட்டி வைத்ததே இல்லை என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா, மேயர் இருக்கும்போது மேனேஜர் எதற்கு? நம் ஊர் கமிஷனர் மாதிரியா?
- தேவகோட்டை வாசகர்

பாதிதான் அப்படி. நம் கமிஷனரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. சிட்டி மேனேஜரை அந்தந்த ஊர்க் கவுன்சிலே விளம்பரம் கொடுத்து, நேர்முகம் நடத்தி, சம்பளம் பேசி வேலைக்கு வைக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஒரு கூட்டத்தில் ஓட்டெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இப்படிப்பட்ட ஊர்களில் மேயரின் முக்கிய வேலை கவுன்சிலுக்குத் தலைமை தாங்குவது. சாலை, குடிநீர், ஆள் எடுப்பது, பட்ஜெட் தயாரிப்பது எல்லாம் மேனேஜர் பொறுப்பு.

இந்த முறை வந்ததற்குக் காரணம், அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் கட்சித் தலைகள் நடத்திய கூத்து. நகராட்சி வேலையும் கான்ட்ராக்ட்டும் ஓட்டு வாங்கிக் கொடுத்தவனுக்கே போகும். 1908-இல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் என்ற சிறிய ஊர் சார்லஸ் ஆஷ்பர்னர் என்ற இன்ஜினீயரைப் பொது மேலாளராக நியமித்தது. 1912-இல் தென் கரோலினாவின் சம்டர் இதைச் சட்டப்படியான நகர அமைப்பாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் நாடே திரும்பிப் பார்த்தது ஒஹாயோவின் டேட்டன் நகரத்தைத்தான். 1913 மார்ச்சில் பெருவெள்ளம் அந்த ஊரை மூழ்கடித்தது. பழைய நிர்வாகத்தை இனி நம்ப முடியாது என்று மக்கள் அதே ஆண்டு ஓட்டுப் போட்டு மாற்றினார்கள். பனாமா கால்வாயைக் கட்டிக்கொண்டிருந்த கோதல்ஸையே முதலில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் வர மறுத்ததால் ஹென்றி வெயிட் என்ற இன்ஜினீயர் 1914-இல் மேனேஜர் ஆனார்.

தட்டி வைக்கக் கூடாது என்பது அரசாங்கச் சட்டமா? யார் எழுதினார்கள்?
- கோயம்புத்தூர் வாசகி

சட்டம் இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. 1914-இல் எட்டு மேனேஜர்கள் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அதற்கு ஐ.சி.எம்.ஏ., அதாவது சர்வதேச நகர-மாவட்ட நிர்வாகச் சங்கம் என்று பெயர். பத்து வருடம் கழித்து, 1924-இல், முதல் நெறிமுறையை எழுதினார்கள்.

அந்த 1924 வாசகத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். சில வரிகள் இன்றைக்கும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும். கொள்கையை முடிவு செய்வது கவுன்சில், அது நிறைவேறினால் பெயரும் கவுன்சிலுக்கே என்கிறது ஓர் இடம். கவுன்சிலர்களில் ஒருவரைத் தனியாக அழைத்து ரகசியம் பேசாதே, கவுன்சில் முழுவதிடமும் வெளிப்படையாகப் பேசு என்கிறது இன்னோர் இடம். உள் தகவலை வைத்துச் சம்பாதிப்பது நேர்மையின்மை. உன் பொறுப்பில் உள்ள வேலையில் யார் அதட்டினாலும் பணியாதே. அரசியலில் இறங்காதே.

அதே வாசகத்தில், கவுன்சில்-மேனேஜர் முறையில் நம்பிக்கை இல்லாத எந்த 'மனிதனும்' இந்த வேலைக்கு வரக்கூடாது என்றும் இருந்தது. ஆண்களை மட்டும் மனதில் வைத்து எழுதியது அது. அந்த முறையே அப்போது புதுசு, அதைக் காப்பாற்ற வேண்டிய கவலை அவர்களுக்கு. 1969-இல் சங்கம் மற்ற வகை நிர்வாகங்களில் இருக்கும் அதிகாரிகளுக்கும் கதவைத் திறந்தது. ஒரு முறைக்கு விசுவாசம் என்பது போய், ஜனநாயகமான உள்ளாட்சிக்குத் தொழில்முறை நிர்வாகம் வேண்டும் என்ற நம்பிக்கை அந்த இடத்துக்கு வந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நடுவில் நடந்த ஒரு மாற்றம். 1938-இல் திருத்தியபோது, மேனேஜர் எந்த வகையிலும் அரசியல் தலைவர் அல்ல என்று அடித்து எழுதினார்கள். 1952-இல் திருத்தியபோது, மேனேஜர் ஒரு சமூகத் தலைவர், கொள்கை யோசனைகளைக் கவுன்சிலின் முன் வைப்பவர் என்று எழுதினார்கள். பதினான்கு வருடத்தில் இவ்வளவு தூரம்! இரண்டாவதுதான் உண்மையான பேச்சு என்பேன். பட்ஜெட் அலுவலகத்தில் உட்கார்ந்தவளுக்கு இது நன்றாகத் தெரியும். எந்தத் தெருவுக்கு இந்த வருடம் தார், எந்தத் தெருவுக்கு அடுத்த வருடம் என்று முதல் பட்டியல் போடுகிறவர், நான் வெறும் நிர்வாகி, கொள்கைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. அந்தச் செல்வாக்கை ஒப்புக்கொண்ட பிறகுதான் அதற்கு வேலி போட முடியும். கட்சி அரசியல் தடை அன்றும் தளரவில்லை, இன்றும் தளரவில்லை.

1972-இல் ஒவ்வொரு விதிக்கும் நடைமுறை விளக்கங்கள் சேர்த்தார்கள். பரிசுப் பொருள், முதலீடு, வேலை மாறுவது என்று அன்றாடம் வரும் சிக்கல்களுக்கு அவைதான் பதில் சொல்கின்றன.

ஓட்டுப் போடுவது குடிமகனின் உரிமை. பிடித்த வேட்பாளரை ஆதரிப்பதைத் தடுப்பது அநியாயம் இல்லையா?
- சேலம் வாசகர்

ஓட்டுப் போடலாம், போட வேண்டும் என்றே இருக்கிறது. அதற்கு மேல்தான் தடை. வேட்பாளரை ஆதரித்துப் பேசக் கூடாது, நன்கொடை தரக் கூடாது, அவருக்கான மனுவில் கையெழுத்துப் போடக் கூடாது, நிதி திரட்டக் கூடாது. தன் ஊர்த் தேர்தலுக்கு மட்டும் அல்ல, பள்ளி வாரியத்திலிருந்து ஜனாதிபதி தேர்தல் வரைக்கும். அமெரிக்கச் சட்டம் இதில் பெரும்பாலானவற்றை அவருக்கு அனுமதிக்கிறது. சட்டம் கொடுத்த உரிமையைத் தொழிலுக்காகத் தானே விட்டுக்கொடுக்கிறார். இது பெரிய தியாகம் என்றுதான் நான் நினைக்கிறேன். அநியாயம் என்று நினைக்கவில்லை.

ஏன் என்று கேட்டால், எங்கள் ஊரில் ஒரு தேர்தலில் கவுன்சிலின் பெரும்பான்மையே மாறிப்போனது. வென்று வந்தவர்கள் பழைய நிர்வாகத்தைக் கடுமையாகத் திட்டிப் பிரசாரம் செய்தவர்கள். ஆனால் பிரசார சமயத்தில் அவர்களில் ஒருவர் குடிநீர்க் கட்டணக் கணக்கைக் கேட்டபோது, மேனேஜர் அதே தாளை எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே நாளில் அனுப்பச் சொன்னார். அனுப்பியது எங்கள் அலுவலகம்தான். பதவியேற்ற பிறகு அந்தப் புதிய கவுன்சிலர்கள் பட்ஜெட் கூட்டத்தில் எங்கள் எண்களோடு சண்டை போட்டார்களே தவிர, எண்களைப் பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாசலில் எதிராளியின் தட்டி நின்றிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்கும்.

மேனேஜரின் மனைவிக்கு அரசியலில் ஆர்வம் அதிகம். தன் பெயரில், தன் கணக்கிலிருந்து நன்கொடை கொடுப்பார். அது அவர் உரிமை, நெறிமுறை அவரைக் கட்டாது. வீடு இருவருக்கும் பொது என்பதால் தட்டி மட்டும் வேண்டாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கூட வாங்கக் கூடாதா?
- திருநெல்வேலி வாசகி

முடிவைத் திருப்புவதற்காகக் கொடுத்தது என்று நியாயமாக ஒருவர் சந்தேகப்படக்கூடிய எதையும் வாங்கக் கூடாது. எங்களுக்கு கிறிஸ்துமஸ் சமயத்தில் கான்ட்ராக்டர்களிடமிருந்து பழக்கூடை வரும். அதைப் பொதுச் சாப்பாட்டு அறையில் வைத்துவிடுவோம். அடுத்த வருடம் அனுப்ப வேண்டாம் என்று நன்றியோடு ஒரு கடிதம் போகும்.

விதி எழுதலாம். மீறினால் என்ன செய்வார்கள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?
- மதுரை வாசகர்

நியாயமான கேள்வி. யார் வேண்டுமானாலும் கையெழுத்திட்டுப் புகார் கொடுக்கலாம். சம்பந்தப்பட்டவரிடம் பதில் கேட்பார்கள். பெரும்பாலும் அதே மாநிலத்தில் உள்ள சக மேனேஜர்கள் விசாரித்து உண்மைகளைத் தொகுப்பார்கள். தவறு சிறிது என்றால் பெயர் வெளியிடாத கண்டனம், பெரிது என்றால் பெயரோடு கண்டனம், அதற்கும் மேலே உறுப்பினர் பதவியை நீக்குவது. சங்கத்தால் யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது, சிறைக்கும் அனுப்ப முடியாது. ஆனால் அடுத்த ஊர்க் கவுன்சில் ஒருவரை வேலைக்கு எடுக்கும் முன் அவரைப் பற்றி விசாரிக்கும். பெயரோடு வந்த கண்டனம் அங்கே பேசும்.

இதன் எல்லையைக் காட்டியது கலிஃபோர்னியாவின் பெல். லாஸ் ஏஞ்சலஸ் அருகே, ஏறத்தாழ 35,000 பேர் வாழும், வசதி குறைந்த சின்ன ஊர். அதன் மேனேஜர் ராபர்ட் ரிஸோ ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறார் என்று 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளியிட்டது. அப்போது அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளம் 4 லட்சம் டாலர். பகுதிநேரக் கவுன்சிலர்களுக்கே ஆளுக்கு ஒரு லட்சத்தை நெருங்கிய சம்பளம். ஊர் தன் நிர்வாக விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும் தனிச் சாசனம் வேண்டும் என்று 2005-இல் ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தினார்கள். அதில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர் கூட இல்லை. அதன் மூலம் கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்த வரம்பிலிருந்து தப்பினார்கள். 2014-இல் ரிஸோவுக்கு 12 ஆண்டு சிறை. கவுன்சிலர்கள் சிலரும் தண்டிக்கப்பட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஐ.சி.எம்.ஏ. சம்பளம் பேசுவதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சம்பளத்தையும் சலுகைகளையும் மக்கள் பார்க்கும்படி வையுங்கள், ஒப்புக்கொள்வது திறந்த கூட்டத்தில் நடக்கட்டும் என்று. இதை அவர்கள் முப்பது வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பது என் வருத்தம். பரிசாக வரும் பழக்கூடைக்கு அவ்வளவு யோசித்தவர்கள் சம்பளக் காகிதத்தைக் கவுன்சிலின் நேர்மைக்கு விட்டுவிட்டார்கள். பெல் ஊரில் கவுன்சிலும் மேனேஜரும் கைகோத்துக்கொண்டார்கள், கவனித்துக் கேட்க ஆள் இல்லை.

அதற்காக ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு கவுன்சிலர் தன் உறவினருக்கு வேலை கேட்டு வந்தபோது, மேனேஜர் தன் மேஜைக்குப் பின்னால் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த நெறிமுறையைக் காட்டி, "இதில் கையெழுத்திட்டிருக்கிறேன், விண்ணப்பம் எல்லோரையும் போல வரட்டும்" என்றார். மறுப்பதற்கு அவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது.

என் மகன் ஒஹாயோவில் பொது நிர்வாகம் படித்துவிட்டு, ஒரு சிறிய ஊரில் உதவி மேனேஜர் வேலைக்கு ஃபோனிலேயே சரி சொல்லிவிட்டான். இப்போது பெரிய ஊர் ஒன்று கூடுதல் சம்பளத்தோடு கூப்பிடுகிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போகலாமா?
- சென்னை வாசகி

போகக் கூடாது. இந்தத் தொழிலில் வாயால் சொன்ன சம்மதமே கட்டும் என்று நெறிமுறை விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. முதல் ஊர் தான் சொன்ன நிபந்தனைகளை அடிப்படையிலேயே மாற்றினால் மட்டும் விதிவிலக்கு. கூடுதல் சம்பளம் அந்தக் கணக்கில் வராது. நாளை அவன் தலைமை மேனேஜராக ஆனால், ஓர் ஊரில் குறைந்தது இரண்டு வருடமாவது இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. ஆள் தேடுவதற்கு ஊர் செலவு செய்திருக்கிறது, ஒரு பட்ஜெட்டையாவது முழுசாக நடத்தாமல் ஒருவர் அந்த ஊருக்கு என்ன செய்துவிட முடியும்?

மகன் இன்றே பெரிய ஊருக்கு ஃபோன் செய்து, வேறு இடத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன் என்று மரியாதையாகச் சொல்லட்டும். காரணத்தையும் சொல்லட்டும். அப்புறம் முதல் ஊரிடம் சம்பளம், வேலை தொடங்கும் தேதி, குடிபெயரும் செலவு மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.